எறும்பேறிய மருந்து

கசப்பை எறும்பு நாடுவதில்லை. எழுத்தறியாத எறும்புக்கு இயல்பாகத் தெரிந்த இந்தச் சங்கதி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் படித்துப் பட்டம் வாங்கிய அஜந்தாவுக்குப் புலப்பட இரண்டு மாதங்கள் பிடித்தன.

வியாழக்கிழமை பின்னேரம். பிரதேச செயலகத்தில் வேலை முடிந்து வந்தவள் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, தகப்பனின் கட்டிலோரத்து மேசையைத் துடைக்கப் போனாள். சுவர் வெடிப்பிலிருந்து ஒரு கறுப்புக் கோடு புறப்பட்டு, மேசைக்கால் வழியே ஏறி, தைலப் புட்டியைச் சுற்றி வளைத்துக்கொண்டு மருந்துப் போத்தலின் மூடிக்குள் போய்க்கொண்டிருந்தது. சிற்றெறும்புகள். உள்ளே போனவை வெறுங்கையோடு திரும்பவில்லை. ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளையாய் ஒரு துகள்.

அது பழைய ஜாம் போத்தல். ஆஸ்பத்திரியில் கடதாசிப் பையில் போட்டுத் தரும் குளிசைகளை அவள் அதில்தான் கொட்டி வைப்பாள். பச்சையும் மஞ்சளுமான கூட்டுக்குள் தூள் அடைத்த குளிசைகள். ட்ரமடோல் என்று பெயர். புற்றுநோய் எலும்புக்குள் இறங்கிய மனிதனின் நோவை அடக்குவதற்கென்று வெள்ளிக்கிழமைக் கிளினிக்கில் கொடுக்கிறார்கள்.

ஒரு குளிசையை எடுத்தாள். கூட்டின் இரண்டு பாதிகளும் இலேசாகக் கழன்றன. தூளை உள்ளங்கையில் கொட்டி, நாக்கு நுனியால் தொட்டாள்.

இனித்தது.

அவளுக்கு அந்த இனிப்புப் பழக்கமானது. காலைத் தேநீரில் தினமும் கரைத்துக் குடிக்கிற இனிப்பு. குசினித் தட்டில் பெரிய டின் ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளை மதுரன் கட்டாரிலிருந்து கொண்டுவந்த பால்மா என்று கலியாண வீட்டில் எல்லோருக்கும் காட்டப்பட்ட டின். தகப்பன் போர்த்தியிருக்கும் புலிப்படம் போட்ட தடித்த போர்வையும் அதே கட்டார்ப் பெட்டியில் வந்ததுதான்.

அஜந்தா எஞ்சிய குளிசைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாவற்றிலும் பால்மா.

கட்டிலில் கோணாமலை கண்களை மூடிக் கிடந்தார். நாற்பத்தைந்து வருடம் வாவியில் வலை வீசிய மனிதர். அவர் தோணியில் நின்று ஒரு கூப்பாடு போட்டால் அமிர்தகழிக் கரையில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். இப்போது அந்தத் தொண்டையிலிருந்து வருவது ஒரு முனகல் மட்டுந்தான். கிளினிக் மருந்து தொடங்கிய முதல் மாதத்தில் மனிதர் எழுந்து உட்கார்ந்தார், இறால் சொதியோடு சோறு தின்றார், பக்கத்து வீட்டாரோடு பகிடி விட்டார். பிறகு ஒருநாள், “மருந்து கேக்குதில்ல மகள்” என்றார். அதன் பிறகு கேட்கவேயில்லை. வைத்தியரிடம் போய் அளவைக் கூட்டச் சொன்னார்கள். இந்த அளவே இந்த உடம்புக்குப் பெரிது என்று அவர் மறுத்துவிட்டார். அஜந்தாவும் தகப்பனிடம் ஒரு வார்த்தை சொன்னாள்: “நோகுது நோகுது எண்டு நினைச்சா இன்னும் நோகும்பா. கொஞ்சம் பொறுங்க.” அந்த வார்த்தை இப்போது அவள் நெஞ்சில் முள்ளாய் ஏறி நின்றது. பால்மாவை விழுங்கிவிட்டுத் துடித்த மனிதனுக்கு அவள் பொறுமை போதித்திருக்கிறாள்!

அந்த மருந்தைத் தினமும் மூன்று வேளை ஊட்டியவன் யார்? மதுரன். அவளுடைய கணவன். ஒழுங்கை முழுவதும் மெச்சிய மருமகன். டைல்ஸ் பதிக்கிற வேலைக்குப் போகிறவன், மத்தியானம் வேலையை நிறுத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து மாமனுக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போவான். அடுத்த வீட்டுச் சின்னத்தங்கம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “மங்கை, உன்ட மருமகன ஒரு கிழமைக்கு வாடகைக்குத் தாவன்கா. எங்கட வீட்டுலயும் ஒரு கிழவன் கிடக்கு” என்பாள். அஜந்தாவின் தாய் மங்கையற்கரசி அதைக் கேட்டுப் பூரித்துப் போவாள்.

கைப்பைக்குள் நாளைய காரியத்துக்கான கடதாசிக் கட்டு கிடந்தது. அம்மன் கோயில் வாசலில் காலைப் பூசை முடிந்ததும் போதை ஒழிப்பு உறுதிமொழி. வாசிக்கப் போகிறவர் கோயில் தலைவர் நல்லரெத்தினம். மங்கையற்கரசியின் தமையன், அஜந்தாவுக்குப் பெரியமாமா. எழுதிக் கொடுத்தவள் அஜந்தா. நேற்று அவரிடம் காட்டியபோது, நெடுகப் படித்துத் தலையாட்டியவர், கடைசி வரியில் மட்டும் பேனையை வைத்து ஒரு கோடு இழுத்தார். “இது வேணாம் மகள். ஆக்களுக்கு நோகும்.” அந்த வரி: *என் வீட்டிலிருக்கும் போதையை நான் மறைக்க மாட்டேன், மறைப்பதும் குற்றமே.* யாருக்கு நோகும் என்று அவள் அப்போது கேட்கவில்லை.

ஆறு மணிக்கு மதுரன் வந்தான். கால் கழுவினான், சட்டையை மாற்றினான், கட்டிலோரத்தில் குந்தினான். வழமையான விளையாட்டைத் தொடங்கினான்.

“மாமா, வாயத் திறங்க. வள்ளம் கரைக்கு வருகுது.”

“பொறுங்க” என்றாள் அஜந்தா. “இண்டைக்கு அத நீங்க குடிங்க.”

அவன் சிரித்தான். “எனக்கென்னத்துக்கு? எனக்கென்ன நோவா?”

“நோவுள்ள ஆளுக்கு அது மருந்தில்லயே. வெறும் பால்மாதானே. குடிங்க.”

குளிசை அவன் விரல்களிலிருந்து நழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டது. அவன் மறுப்பான், சத்தியம் பண்ணுவான், ஆஸ்பத்திரியைப் பழி சொல்லுவான் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கட்டில் காலில் முதுகைச் சாய்த்துச் சீமெந்துத் தரையில் இருந்துவிட்டான். நெடுநாள் சுமந்த மூட்டையை இறக்கிவைத்தவன் போல.

“எத்தின நாளா?”

“ரெண்டு மாசம்.”

“கட்டார்ல பழகினதா?”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். “நான் கட்டாருக்குப் போகவேயில்ல, அஜந்தா.”

பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். நான்கு வருடத்துக்கு முன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து நாரி எலும்பு உடைந்தது. நோவுக்கு இந்தக் குளிசை கொடுத்தார்கள். நோ போனது, குளிசை போகவில்லை. அதில்லாத நாளில் எலும்பெல்லாம் நொறுங்கும், மூக்கும் கண்ணும் ஒழுகும், படுத்திருக்க முடியாது. வைத்தியர் துண்டில்லாமல் விற்கிற இடங்களைத் தேடிப் பிடித்தான். கட்டாரில் இருந்தான் என்று சொன்ன எட்டு மாதமும் ஒரு சிகிச்சை நிலையத்தில் இருந்தான். பால்மா டின்னும் புலிப் போர்வையும் காத்தான்குடிக் கடையொன்றில் வாங்கியவை.

கலியாணமான புதிதில் கட்டார் வெயிலைப் பற்றி அவன் எத்தனை கதை சொல்லியிருக்கிறான்! மணற்காற்று, இரும்புக் கட்டில், ஒரே அறையில் எட்டுப் பேர். கட்டிலும் எட்டுப் பேரும் உண்மை, நாடுதான் பொய். அவனுக்காக அவள் அழுத கண்ணீர் எந்த நாட்டுக் கணக்கில் சேரும்?

“சிகிச்சைக்கு ஆர் கூட்டிட்டுப் போன?”

“சித்தப்பா.”

அவனுக்குச் சித்தப்பா என்றால் நல்லரெத்தினம். அவருடைய மனைவியின் அக்காள் மகன்தான் மதுரன். மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்து வர வேண்டியவர் தாய்மாமன். அது இந்தப் பக்கத்து வழக்கம். தகப்பன் தவறினாலும் தாய்மாமனின் வாக்குத் தவறக் கூடாது. நல்லரெத்தினம் மதுரனின் ஊரான சித்தாண்டிக்குப் போய் இரண்டு நாள் நின்று விசாரித்துவிட்டு வந்து, இந்த வீட்டு முற்றத்தில் செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்து, “தங்கமான பொடியன். என்ட கண்ணுக்கு முன்னால வளர்ந்தவன்” என்றார். அந்த வாக்கில்தான் கலியாணம் நடந்தது.

“விட்டவரும் அவர்தான். வெளிய எடுத்தவரும் அவர்தான்” என்றான் மதுரன். “இன்னும் நாலு மாசம் இரிக்கச் சொன்னாங்க அங்க. கலியாணம் கட்டினாச் சரியாப் போகும் எண்டு சித்தப்பா கூட்டிட்டு வந்திட்டார். உன்ட அம்மாக்கும் தெரியும்.”

குசினி வாசலில் மங்கையற்கரசி நின்றாள். கையில் கழுவிய கோப்பை. அது தரையில் விழவில்லை. அவள் அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்ததையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

“அம்மா?”

“திருந்திட்டான் எண்டு அண்ணன் சொன்னார்.”

“திருந்தின ஆளுக்கு ஏன் கட்டார்?”

“உனக்கு அப்ப முப்பத்தொரு வயசு, புள்ள. வீட்டக் கட்டிப் பூட்டி வெச்சிட்டு எத்தின வருசம் பார்த்துக்கொண்டிருந்த நாங்க? ஊர் கேக்காத கேள்வியா? நீ படிச்ச புள்ள, உனக்கு ஒரு ஆளச் சரியாக்கத் தெரியாதா எண்டு நினைச்சன்.”

பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைப்பது இந்த மண்ணின் முறை. பெண்ணின் பேரில் காணி உறுதி எழுதுவார்கள். கூரை ஓட்டின் தரத்தை விசாரிப்பார்கள். கிணற்றுத் தண்ணீரை ருசி பார்ப்பார்கள். கதவுக்கு முதிரை மரமா வேம்பா என்று ஒரு கிழமை கதைப்பார்கள். அந்தக் கதவைத் திறந்து உள்ளே அனுப்புகிறவனைப் பற்றிய உண்மையை மட்டும் உரியவளிடம் சொல்ல மாட்டார்கள். வைத்தியர் ஒரு வருடம் வேண்டும் என்ற நோய்க்கு இவர்கள் ஒரு மஞ்சள் கயிற்றை மருந்தென்று முடிந்தார்கள். நோயாளியிடமும் கேட்கவில்லை. கயிற்றைச் சுமந்தவளிடமும் கேட்கவில்லை.

மங்கையற்கரசி தமையனுக்குத் தொலைபேசி எடுத்தாள். அரை மணித்தியாலத்தில் நல்லரெத்தினம் வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. திறந்து கிடந்த குளிசைக் கூடுகளைப் பார்த்தார், தரையிலிருந்த மதுரனைப் பார்த்தார், கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். கோயில் கூட்டத்தில் ஒரு வழக்கைத் தீர்க்க உட்காருகிற அதே அமர்வு.

“சரி. நடந்தது நடந்திட்டு. நாளைக்குக் கிளினிக் நாள். குளிசை தோணியால தண்ணிக்குள்ள விழுந்திட்டு எண்டு சொல்லு. புதுசாத் தருவாங்க. கத முடிஞ்சிது.”

“அப்பா தோணியில ஏறி ஆறு மாசம், பெரியமாமா.”

“அப்ப கிணத்துக்குள்ள விழுந்திட்டு எண்டு சொல்லன். உனக்குச் சொல்லித் தரவா வேணும்? அங்க நம்மட ஊர்ச்சனம் வரிசையில நிக்கும். உண்மையச் சொன்னா மத்தியானத்துக்கு முன்ன ஏறாவூர் வரைக்கும் தெரியும்.”

“புதுசாத் தந்தா அத ஆர் குடிக்கிற?”

அவர் மதுரனைக் கைகாட்டினார். “நாளைக்குக் காலத்தால உறுதிமொழிக்கு இவனையும் கூட்டிட்டு வா. அம்மாள்ட வாசல்ல எல்லாருக்கும் முன்னால ஒருக்காக் கையத் தூக்கட்டும். அதுக்குப் பிறகு தொடமாட்டான்.”

“தூக்கின நான்” என்றான் மதுரன், தரையிலிருந்தபடியே. “போன வருசமும் தூக்கின நான், சித்தப்பா. நீங்கதான் வாசிச்ச.”

அஜந்தா கைப்பையிலிருந்து கடதாசிக் கட்டை எடுத்து, நல்லரெத்தினம் கோடிழுத்த தாளைப் பிரித்து, அவருடைய மடியில் வைத்தாள்.

“இது ஆருக்கு நோகும் எண்டு வெட்டினீங்க? எனக்கு இண்டைக்குத்தான் விளங்கிச்சி.”

“குடும்ப மானத்துக்காகத்தான்—”

“எந்தக் குடும்பம்? நான் உங்கட குடும்பம் இல்லயா? என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, இவர்ர வருத்தத்தோட இவரக் கட்டியிருப்பனோ மாட்டனோ, அத நான் சொல்லியிருப்பன். வைத்தியம் முடியட்டும், காத்திரிக்கிறன் எண்டும் சொல்லியிருப்பன். நீங்க எனக்கு வாயே வைக்கல்லயே.”

“மகள்.”

கட்டிலிலிருந்து வந்த குரல். கோணாமலை கண்ணைத் திறந்திருந்தார்.

“சத்தம் போடாத மகள். எனக்குத் தெரியும்.”

“என்னப்பா தெரியும்?”

“ஒருநாள் ஒண்டு பல்லுல பட்டு உடைஞ்சிட்டு. கசக்கும் எண்டு பார்த்தன். தேத்தண்ணி மாதிரி இனிச்சிது.” அவர் மூச்சை வாங்கிக்கொண்டார். “அது நடந்து ஒண்டரை மாசம் இரிக்கும்.”

அஜந்தா கட்டில் விளிம்பில் குந்தினாள். கணவன் ஏமாற்றினான், அவனை ஒரு விஷம் ஆட்டியது. மாமன் ஏமாற்றினார், அவரை மானம் ஆட்டியது. தாய் ஏமாற்றினாள், ஊர்வாய்க்கு அஞ்சினாள். இந்த மனிதரை எதில் சேர்ப்பது?

“ஏனப்பா சொல்லல்ல?”

“நான் ரெண்டு மாசமோ மூணு மாசமோ. நீ வாழ வேண்டிய புள்ள. பின்னேரத்துல நீயும் அவனும் முத்தத்துல இருந்து சிரிக்கிற சத்தம் கேக்கும். அது கேட்டாக் கொஞ்சம் நோ குறையிற மாதிரி இரிக்கும். அந்தச் சிரிப்ப நான் ஏன் கெடுக்கிற?”

“என்ட சிரிப்ப உங்கட நோவக் குடுத்தா வாங்கின நீங்க?” அவள் அவர் முகத்தருகே குனிந்தாள். “எனக்குச் சொல்லாம? பொறுங்க பொறுங்க எண்டு உங்களுக்குச் சொன்னனே, அப்பயாவது ‘போடி, இது பால்மா’ எண்டு சொல்லியிருக்கப்படாதா? என்னயும் கூட்டாளி ஆக்கிப்போட்டீங்களே அப்பா!”

கோணாமலை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மதுரன் கைகளால் தலையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினான். அவன் அழுகை பொய்யல்ல என்பது அஜந்தாவுக்குத் தெரிந்தது. அது உண்மையாயிருந்ததுதான் அவளால் தாங்க முடியாமலிருந்தது.

அவள் அறைக்குள் போய் அவனுடைய உடுப்புகளை ஒரு பையில் அடுக்கினாள். தகப்பன் மேலிருந்த புலிப் போர்வையை எடுத்து மடித்து அந்தப் பைமேல் வைத்தாள். தன் பருத்திச் சேலை ஒன்றால் அவரைப் போர்த்தினாள்.

“இந்த வீடு என்ட பேரில இரிக்கி” என்றாள். “பெரியமாமா, இவர் உங்கட தெரிவு. உங்கட வீட்டுல கூட்டிட்டுப் போய் வெச்சிருங்க. சீனி வருத்தத்துக்கும் பிறசருக்கும் நீங்க குடிக்கிற குளிசைகள மட்டும் பூட்டி வெச்சுக்கொள்ளுங்க.”

“மாப்பிள்ளைய இறக்கி விடுறதாகா?” என்று மங்கையற்கரசி அலறினாள். “ஊர் என்ன சொல்லும்?”

“ஊர் அப்பாட நோவ வாங்கிக்கொள்ளுமா?” பிறகு மதுரன் முன்னால் குனிந்தாள். “விட்ட நாலு மாசத்தையும் முடிக்கப் போற எண்டாச் சொல்லுங்க. பஸ் ஏத்தி விட நானே வாறன். அந்த வாசல் வரைக்கும் வாறன். ஆனா அந்தப் பொய்க் கட்டாருக்கு இனி வரமாட்டன்.”

அவன் தலையசைத்தானா, அழுகையில் தலை ஆடியதா என்று சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, முச்சக்கர வண்டியின் பின்னிருக்கையில் தகப்பனைத் தோளில் சாய்த்துக்கொண்டு அஜந்தா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். மங்கையற்கரசி வாசல்வரை வந்தாள், ஏறவில்லை. கோயிலைத் தாண்டும்போது ஒலிபெருக்கியில் நல்லரெத்தினத்தின் குரல் கணீரென்று கேட்டது. அவள் எழுதிய வரிகள். ஒவ்வொன்றையும் அவர் சொல்ல, சனம் திருப்பிச் சொன்னது. கடைசி வரிக்கு முன்னால் குரல் நின்றது, கைதட்டல் எழுந்தது. முச்சக்கர வண்டி வளைவில் திரும்பியது.

கிளினிக்கில் மருந்து யன்னலுக்கு முன்னால் நாற்பது பேராவது இருந்தார்கள். பாதிப் பேர் தெரிந்த முகங்கள். சின்னத்தங்கம்கூட முன்வரிசை வாங்கில், ‘கிழவனுக்கு’ மருந்தெடுக்க வந்திருந்தாள். தாதி கொப்பியைப் புரட்டிப் பார்த்தாள்.

“உங்கட திகதிக்கு இன்னும் ரெண்டு கிழமை கிடக்கே. குளிசை அதுக்குள்ள முடிஞ்சிட்டா?”

கோணாமலையின் விரல்கள் மகளின் மணிக்கட்டைப் பற்றின. வலை இழுத்த விரல்கள். அந்த நிலையிலும் பிடியில் வலு இருந்தது. “தண்ணிக்குள்ள விழுந்திட்டு எண்டு சொல்லு” என்று முணுமுணுத்தார். “எனக்காகச் சொல்லு மகள்.”

ஒரு சொல் போதும். ஒரு சின்னப் பொய். மருந்து கிடைக்கும், மானம் கிடைக்கும். அடுத்த போத்தலும் அதே மேசையில், அதே எறும்புக்கு வழி விட்டுக்கொண்டு இருக்கும். அஜந்தா தகப்பனின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

“முடியல்ல, மிஸ். களவு போயிட்டு” என்றாள். யன்னலுக்கு மட்டும் கேட்கிற குரலில் அவள் சொல்லவில்லை. “என்ட கணவர் மருந்த எடுத்துக் குடிச்சிட்டு, கூட்டுக்குள்ள பால்மா நிரப்பி வெச்சிட்டார். அவருக்கு இந்தக் குளிசைக்கு அடிமையான வருத்தம். கலியாணத்துக்கு முன்னமே வீட்டுல தெரியும். எனக்கு மட்டும் சொல்லல்ல. ரெண்டு மாசமா அப்பா பால்மாவத்தான் விழுங்கினவர்.”

மருந்துக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாதி கொப்பியை மூடிவிட்டு எழுந்து, வைத்தியரைக் கூப்பிட உள்ளே போனாள்.

சின்னத்தங்கம் அவளையே வெறித்துப் பார்த்தாள். ஏளனம் வரும் என்று அஜந்தா காத்திருந்தாள். ஆனால் அந்த மனுசி மடியிலிருந்த பையை மெல்லத் திறந்தாள். வீட்டில் மிஞ்சியதென்று கொண்டுவந்த கடதாசிப் பொட்டலத்தைப் பிரித்தாள். அதே பச்சை மஞ்சள் குளிசை ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் இரண்டு பாதிகளையும் கழற்றத் தொடங்கினாள். அவளுக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான்.

வைத்தியர் வந்து எல்லாவற்றையும் கேட்டார். இனி ஒரு கிழமைக்கான மருந்துதான் தருவதாகவும், பூட்டுள்ள பெட்டியில் வைத்து அவள் கையாலேயே கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். முதல் குளிசையைத் தாதியே கொண்டுவந்து, தண்ணீரும் கொடுத்தாள்.

கோணாமலை அதை விழுங்கவில்லை. பழகிப்போன சந்தேகத்தோடு பல்லிடுக்கில் வைத்துக் கடித்தார். முகம் கோணியது. கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடிக்குள் இறங்கியது.

“கசக்குது மகள்” என்றார்.

அஜந்தா தண்ணீர்க் கோப்பையை அவர் வாயில் பிடித்தாள். வாயைத் துடைத்தாள். அவர் மறுபடியும் அவளுடைய கையைத் தேடினார். அவள் உடனே கொடுக்கவில்லை.